நடிகர் இறந்தால் பத்து நாள் கூட்டம், பதினோராவது நாள் காலி. நெஞ்சழுத்த வீடியோவை எப்போது போடுவது?

ஐசியூ_அக்கா (திருச்சி):

வணக்கம். நான் திருச்சியில் ஐசியூ நர்ஸ். வேலைக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. 2019-ல் மாமியார் வீட்டு மொட்டை மாடியில் ஒரு வீடியோ எடுத்தேன். திடீரென்று சுருண்டு விழுந்தவருக்கு நெஞ்சை அமுக்குவது (சிபிஆர்) எப்படி என்று. ஒன்பது நிமிடம். போனைப் பிடித்தது என் மகள், அப்போது ஆறாம் வகுப்பு. பாதியில் ஒரு காக்கா கத்தும். இன்றுவரை என் சேனலில் அதிகம் பேர் பார்த்தது அதுதான். அதோடு மாதம் ஒரு ஞாயிறு எங்கள் பகுதி சமுதாயக் கூடத்தில் இலவச வகுப்பும் எடுக்கிறேன். கையில் இருப்பது ஒரே ஒரு பயிற்சிப் பொம்மை, இடுப்புக்கு மேல் மட்டும். பெயர் ஆறுமுகம். கோணிப்பையில் போட்டு ஸ்கூட்டியில் முன்னால் வைத்துத்தான் கொண்டுபோவேன். ஒருமுறை பால்பண்ணை சிக்னலில் பை நழுவி ஆறுமுகம் தலையை நீட்டிவிட, பக்கத்து பைக்காரர் அலறியது தனிக்கதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த வீடியோவைச் சாதாரண நாளில் பன்னிரண்டு, பதினைந்து பேர் பார்ப்பார்கள். அனலிட்டிக்ஸில் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். வார்டு மானிட்டரில் அப்படி ஒரு கோடு வந்தால் நாங்கள் ஓடுவோம். இங்கே டீ குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் சில நாட்களில் அது திடீரென்று கோபுரம் மாதிரி எழும்பும். நான் தேதிகளைக் குறித்து வைத்திருக்கிறேன்.

2021 ஏப்ரல் 17, நடிகர் விவேக் இறந்த நாள். அதே வருடம் ஜூன் 12, யூரோ கால்பந்துப் போட்டியில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்திலேயே விழுந்தார். அக்டோபர் 29, கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் இறந்தார், வயது வெறும் 46. 2022 ஜூலையில் கடலூர் மாவட்டத்தில் கபடி ஆடிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் களத்திலேயே சரிந்து இறந்த வீடியோ எல்லா வாட்ஸாப் குழுவிலும் சுற்றியது. 2023 ஜனவரியில் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் டமார் ஹாம்லின் நெஞ்சில் அடிபட்டு விழுந்தார், அவருக்கு 24 வயது.

ஐந்து முறையும் கோபுரம் எழுந்தது. ஐந்து முறையும் ஏழெட்டு நாளில் சரிந்து, பதினோராவது நாள் பழையபடி தரை. இது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. என்ன வார்த்தையைத் தேடி வந்தார்கள் என்று பார்த்தால், ஒவ்வொரு முறையும் வேறு வேறு. விவேக் சமயத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் தடுப்பூசியைத் தேடி வந்தவர்கள், ஏனென்றால் அவர் இரண்டு நாள் முன்புதான் ஊசி போட்டிருந்தார். கமெண்டில் ஒரே கேள்வி, “மேடம், நான் ரெண்டாவது டோஸ் போடலாமா?” புனீத் சமயத்தில் “ஜிம் போனால் மாரடைப்பு வருமா”. கபடிப் பையன் சமயத்தில் அந்த வீடியோவையே தேடிக்கொண்டு என் வீட்டு மாடிக்கு வந்துவிட்டார்கள். இந்த மூன்று முறையும் சராசரியாக நாற்பது வினாடியில் கிளம்பிவிட்டார்கள். நான் கையை எங்கே வைப்பது என்று சொல்வதே 1:50-ல்தான்.

எரிக்சனும் ஹாம்லினும் பிழைத்துவிட்டார்கள், அவர்கள் சமயத்தில் வந்தவர்கள் குறைவு. ஆனால் வந்தவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். கமெண்டும் வேறு மாதிரி: “எவ்வளவு ஆழம் அமுக்கணும்?”, “விலா எலும்பு உடைஞ்சா?”, “வாயில ஊதணுமா வேண்டாமா?”

என் கணக்கு இதுதான். காப்பாற்றுவதைக் கண்ணால் பார்த்த ஜனம் கற்றுக்கொள்ள வருகிறது. செத்துப்போனதைச் செய்தியாகக் கேட்ட ஜனம் காரணம் தேடி வருகிறது, பிறகு ஈசிஜி எடுக்கப் போகிறது. புனீத் இறந்த பிறகு பெங்களூரு இதய மருத்துவமனைகளில் பரிசோதனைக்கு எவ்வளவு கூட்டம் நின்றது என்று பத்திரிகைகளிலேயே வந்தது. இது சரிதானா? உங்களில் யாருக்காவது இந்தத் தேடல் விவரங்களை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தால் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி, உண்மையில் உறுத்துவது இதுதான். அடுத்த முறை யாராவது பெரிய ஆள் விழுந்தால் அன்றைக்கே அவர் பெயரைப் போட்டு, படத்தைத் தம்ப்நெயிலில் (வீடியோவின் முகப்புப் படத்தில்) வைத்து வீடியோவை மறுபடி ஏற்றச் சொல்கிறாள் மகள். இப்போது அவள் கல்லூரி. “அம்மா, அன்னைக்கு மட்டும்தான் கூட்டம் வரும், விட்டா போச்சு” என்கிறாள். எனக்கென்னவோ எழவு வீட்டு வாசலில் கடை போடுகிற மாதிரி இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

வரைபடப்_பித்தன்:

அக்கா, தேதி குறித்து வைத்திருக்கிறீர்களே, அதற்கே ஒரு கும்பிடு. ஒரு எச்சரிக்கையோடு ஆரம்பிக்கிறேன்.

எந்தச் சொல்லை எப்போது அதிகம் தேடினார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸைப் போட்டுப் பார்ப்பவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு, அதில் வரும் எண்ணைத் தேடியவர்களின் எண்ணிக்கை என்று நினைப்பது. அது 0 முதல் 100 வரையிலான ஓர் அளவுகோல், அவ்வளவுதான். நீங்கள் கேட்ட காலத்துக்குள், கேட்ட ஊருக்குள், மொத்தத் தேடலில் அந்தச் சொல்லின் பங்கு எப்போது உச்சமோ அதற்கு 100. மற்றதெல்லாம் அதற்கு ஒப்பிட்டு. அதனால் ஒரே ஒரு ராட்சச உச்சம் வந்துவிட்டால் மற்ற மாதங்கள் எல்லாம் தரையோடு ஒட்டியதுபோலத் தெரியும். “யாருமே தேடவில்லை” என்று அதற்கு அர்த்தம் இல்லை. தேடியவர்கள் ரொம்பக் குறைவாக இருந்தாலும் 0 என்றே காட்டும், அதையும் கவனிக்க வேண்டும்.

தமிழில் இன்னொரு தலைவலி. நம் ஆள் இதை என்னவென்று தேடுவான்? “இதய இயக்க மீட்பு” என்று பாடப்புத்தகச் சொல்லைப் போட்டா? “சிபிஆர்” என்று தமிழில் அடிப்பவன் பாதி, ஆங்கில எழுத்தில் அடிப்பவன் பாதி, மைக்கை அழுத்தி “நெஞ்ச அமுக்குறது எப்படி” என்று வாயால் கேட்பவன் மீதி. நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தபோது ஹோண்டா சிபிஆர் பைக்கின் விலை வந்தது. எனவே ஒரே சொல்லை வைத்துத் தமிழ்நாட்டின் ஆர்வத்தை அளக்க முடியாது. உங்கள் சேனலின் கணக்கு சின்னதாக இருந்தாலும், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்பது டிரெண்ட்ஸில் கிடைக்காத தங்கம். அதை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் ஊகத்தை வெளிநாட்டு நிகழ்ச்சிகள் ஓரளவு ஆதரிக்கின்றன. ஹாம்லின் விழுந்த வாரம் அமெரிக்காவில் நெஞ்சழுத்தம் பற்றிய தேடலும் வகுப்புக்கான விசாரிப்பும் ஏறின. தென் கொரியாவில் 2022 அக்டோபர் 29 இரவு சியோலின் இத்தேவோன் சந்தில் நெரிசல், 159 பேர் இறந்தார்கள். அங்கே காப்பாற்றப்பட்ட கதை எதுவும் மனதில் நிற்கவில்லை. நின்றது தெருவில் வரிசையாகக் கிடத்தப்பட்டவர்கள்மேல் வழிப்போக்கர்கள் குனிந்து நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்த காட்சிதான். அதற்குப் பிறகு கொரியாவில் பயிற்சி வகுப்புகளுக்குக் கூட்டம் கூடியது. சாவு இருந்தும் கற்க வந்தார்கள். ஆகவே பிழைத்தாரா இறந்தாரா என்பதைவிட, கை அமுக்குவது கண்ணில் பட்டதா என்பதுதான் கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

தம்ப்நெயில் விஷயத்தில் மகள் பக்கம் நான். கூட்டம் வருகிற நாளில் கடை திறந்திருக்க வேண்டும்.

---

பழைய_108:

சிஸ்டர், நான் ஏழு வருடம் 108-ல் டெக்னீஷியனாக இருந்தவன், இப்போது விட்டுவிட்டேன். கோடு, கோபுரம் எல்லாம் எனக்குப் புரியாது. ஆனால் நீங்கள் எல்லோரும் வீடியோவில் சொல்லாமல் விடுகிற ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

குறட்டை.

ஒரு கேஸ் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். காலை ஏழு மணி, டீக்கடை பெஞ்சு. ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஓர் ஐயா. நாங்கள் போய்ச் சேர பதினொரு நிமிடம் ஆனது. இறங்கும்போது இருபது பேர் சுற்றி நிற்கிறார்கள். ஒருவர் துண்டால் விசிறுகிறார், ஒருவர் காலைத் தேய்க்கிறார், ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார். கடைக்காரர் ஓடிவந்து, “ஒண்ணும் இல்ல சார், மூச்சு இருக்கு, அசந்து குறட்டை விடுறாரு” என்றார். எனக்கு உள்ளே விழுந்துவிட்டது. அது குறட்டை கிடையாது. இதயம் நின்ற பிறகும் சில நிமிடம் வரும் இழுப்பு. வாயைத் திறந்து, கர்ர் என்று, ஐந்தாறு வினாடிக்கு ஒருமுறை, கரையில் கிடக்கும் மீன் மாதிரி. அதைப் பார்த்தவர்கள் மூச்சு இருக்கிறது என்று நினைத்துப் பதினொரு நிமிடம் விசிறியிருக்கிறார்கள். ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு, பத்து என்று இறங்கும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது உங்களுக்கும் தெரியும். இருபது பேரில் ஒருவர் அமுக்கியிருந்தால் போதும். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் ஏதோ ஒன்று செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

சினிமாவில் ஆள் விழுந்தால் கண்ணை மூடி அமைதியாகப் படுத்திருப்பார். உங்கள் வீடியோவிலும் ஆறுமுகம் அப்படித்தான் இருப்பான், பொம்மைக்கு எங்கே குறட்டை வரும். அதைத்தான் முதலில் காட்ட வேண்டும். நீங்களே படுத்து அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை.

இன்னொன்று. வீடியோவைத் தேடிக்கொண்டிருக்க அந்த நேரத்தில் யாருக்கும் நேரம் இருக்காது. 108-க்கு அடித்து, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் நெஞ்சில் வைக்கச் சொல்லுங்கள். போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் அமுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

---

ஐசியூ_அக்கா:

@பழைய_108 அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஒன்பது நிமிட வீடியோவில் இதற்கு நான் கொடுத்தது ஒரே ஒரு வரி, “இயல்பாக மூச்சு விடவில்லை என்றால்” என்று. எங்களுக்கு அந்த ஒரு வரி போதும், ஏனென்றால் அதைக் கண்ணால் கண்டிருக்கிறோம். பார்க்கிறவர்களுக்கு “இயல்பாக” என்றால் என்ன தெரியும்?

---

வடகடல்_வாசி:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்து ஆள், டென்மார்க்கில் ஹேர்னிங் பக்கம் இருபத்திரண்டு வருசமாக இருக்கிறேன். எரிக்சன் பெயரைக் கண்டதும் எழுதத் தோன்றியது. அன்றைக்குப் பின்னேரம் எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேர் கூடி இருந்து அந்த மட்ச் பார்த்தோம்.

உங்கள் கணக்கில் ஒரு சின்னத் திருத்தம். நாங்கள் ஒன்றையும் பார்க்கவில்லை. 43-வது நிமிடம், த்ரோ-இன் பந்து அவரிடம் வருகிறது, மனுசன் அப்படியே முகம் குப்புற விழுகிறார். அதற்குப் பிறகு டென்மார்க் அணி முழுக்க அவரைச் சுற்றி வட்டம் கட்டி, முதுகை அவருக்கும் முகத்தை வெளியேயும் காட்டிக்கொண்டு நின்றார்கள். சிலர் அழுதார்கள். கமராவுக்குத் தெரிந்தது அந்த முதுகுகளுக்கு இடையால் மேலும் கீழும் போய்வந்த ஒரு மருத்துவ ஆளின் தோள் மட்டும்தான். எனது மாமா, ஊரிலிருந்து வந்திருந்தவர், “என்னத்துக்கு மறைக்கிறாங்கள்?” என்று கேட்டார். என்ன நடக்கிறது என்று சொன்னது பதினைந்து வயது மகன்தான். “அப்பா, நெஞ்சை அமுக்கீனம்.” அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் காட்டிக் கொடுத்திருந்தார்கள்.

பிறகு ஸ்ட்ரெச்சரில் கண் திறந்தபடி, நெற்றியில் கையை வைத்தபடி அவர் போகிற படம் வந்தது. அதற்குப் பிறகுதான் வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டோம். அடுத்த நாள் அணியின் வைத்தியர் வந்து, இதயம் நின்று போயிருந்தது, அமுக்கினோம், மின்னதிர்ச்சி கொடுத்தோம், வந்துவிட்டார் என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னார். அந்த வார்த்தைதான் ஊரெல்லாம் ஓடியது. அதனால் கண்ணால் பார்த்தோம் என்பதைவிட, எது காப்பாற்றியது என்று ஒருவர் வந்து சொன்னார் என்பதுதான் பெரிது என்று நினைக்கிறேன். உங்கள் ஊர் நடிகர்கள் இறந்தபோது யார் வந்து என்ன சொன்னார்கள்? ஊசி, ஜிம், சாப்பாடு. சனமும் அதைத்தான் தேடும்.

இங்கே வேறொன்றும் இருக்கிறது. சாரதிப் பத்திரம் (டிரைவிங் லைசென்ஸ்) எடுக்கவே முதலுதவி வகுப்புக் கட்டாயம். அதனால் எரிக்சன் விழுந்த அந்தக் கிழமை முழுக்க எங்கள் வேலைத்தலத்தில் யாரும் எப்படி அமுக்குவது என்று கதைக்கவில்லை. அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்றுதான் கதைத்தார்கள். மின்னதிர்ச்சி கொடுக்கிற பெட்டிக்கு டேனிஷில் ‘இதயம் தொடக்கி’ என்று பொருள்படும் பெயர். சுப்பர்மார்க்கெட் சுவரில் வருசக்கணக்காகத் தொங்குகிறது, நான் அதுவரை அதைக் கடிதப்பெட்டி என்று நினைத்திருந்தேன், வெட்கமாக இருக்கிறது. பக்கத்தில் யாருக்காவது இதயம் நின்றால் நமது போனுக்கு அறிவிப்பு வருகிற செயலி ஒன்றும் உண்டு, ‘இதய ஓட்டக்காரர்’ என்று அதற்குப் பெயர். அந்தக் கிழமைதான் நான் அதில் சேர்ந்தேன். இன்றுவரை ஒருதடவைதான் அடித்தது. நான் போகும்போது அம்புலன்ஸ் வந்துவிட்டது. ஓடி இளைத்ததுதான் மிச்சம்.

---

ஐசியூ_அக்கா:

@வடகடல்_வாசி தம்பி, நல்ல குட்டு. ஹாம்லின் விஷயத்திலும் அதேதான், இப்போது யோசிக்கும்போது தெரிகிறது. அங்கேயும் இரண்டு அணிக்காரர்களும் மண்டியிட்டு வட்டம் கட்டி மறைத்துவிட்டார்கள். ஆனால் அடுத்த சில நாளில் சின்சினாட்டி டாக்டர்கள் மைக் முன்னால் உட்கார்ந்து, மைதானத்திலேயே உடனே நெஞ்சை அமுக்கியதுதான் அவரைக் காப்பாற்றியது என்றார்கள். அமுக்கியவர் அணியில் வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் உதவியாளர், அந்த டென்னி கெல்லிங்டனின் பெயர் எல்லோர் வாயிலும் வந்தது. நம் ஊரில் இப்படி ஒருவரைக் காப்பாற்றிய ஒரு பஸ் கண்டக்டரின் பெயரை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ஹாம்லின் தன் ஊர்க் குழந்தைகளுக்குப் பொம்மை வாங்க 2,500 டாலர் கேட்டு முன்பு எப்போதோ தொடங்கி வைத்திருந்த நிதிக்கு அந்த வாரம் எண்பது லட்சம் டாலருக்கு மேல் குவிந்ததாம். பதறிப்போன ஜனத்துக்குக் கை சும்மா இருக்காது, ஏதாவது செய்தாக வேண்டும். எதைக் காட்டுகிறோமோ அதைச் செய்துவிடுகிறார்கள். புனீத் கண்தானம் செய்தார், நான்கு பேருக்குப் பார்வை கிடைத்தது என்று செய்தி வந்ததும் கர்நாடகத்தில் கண்தானத்துக்குப் பெயர் கொடுக்க வரிசை நின்றது நினைவிருக்கிறதா? அதே ஜனம்தான்.

---

தேனி_பி.டி_வாத்தியார்:

நடுவில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். எல்லாம் சரி, கையை வைத்த பிறகு ஆள் போய்விட்டால்? நம் ஊரில் அடுத்த நிமிடமே “இவன்தான் அமுக்கிக் கொன்னுட்டான்” என்பார்கள். நான் ஸ்கூலில் வேலை பார்ப்பவன், பிள்ளைகள் விஷயம். ஒரு கபடி செலக்‌ஷனில் ஒரு பையன் மயங்கி விழுந்தபோது எனக்கு முதலில் தோன்றியது நெஞ்சு இல்லை, ஹெச்.எம். முகம். நல்லவேளை அவன் வெயிலில் மயங்கியவன், தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிட்டான். மக்கள் வீடியோவை நாற்பது வினாடியில் மூடுவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கற்றுக்கொண்டால் செய்ய வேண்டி வந்துவிடுமே.

அப்புறம், பெண்ணாக இருந்தால்? பஸ் ஸ்டாண்டில் ஓர் அம்மா விழுந்தால் நான் நெஞ்சில் கை வைக்க முடியுமா? சும்மா கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

---

ஐசியூ_அக்கா:

@தேனி_பி.டி_வாத்தியார் சார், இதை வகுப்பில் யாரும் வாய் விட்டுக் கேட்பதில்லை, ஆனால் எல்லோர் முகத்திலும் இருக்கும்.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 134-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு நல்ல எண்ணத்தோடு உதவியவர்மேல் அவர் காயத்துக்கோ சாவுக்கோ வழக்குப் போட முடியாது, பெயர் முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அது சாலை விபத்துக்கு மட்டும். டீக்கடை பெஞ்சில் விழுந்தவருக்கு அந்தப் பிரிவு நேராகப் பொருந்தாது. இது எல்லா இடத்துக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் ஒன்று யோசியுங்கள். நெஞ்சை அமுக்க வேண்டிய நிலையில் கிடப்பவருக்கு இதயம் ஏற்கெனவே நின்றுவிட்டது. நீங்கள் கொல்ல அங்கே மிச்சம் எதுவும் இல்லை. விலா எலும்பு உடையலாம், ஐசியூவில் எங்கள் கையிலேயே உடைந்திருக்கிறது. கையின் அடியில் அந்தச் சத்தம் கேட்டால் முதல் முறை உடம்பே கூசும். நிறுத்தாமல் அமுக்க வேண்டும்.

பெண்கள்: அமெரிக்காவிலேயே ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள், பொது இடத்தில் விழும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகத்தான் நெஞ்சழுத்தம் கிடைக்கிறது. நம் ஊரில் கேட்கவே வேண்டாம். கை வைக்கும் இடம் மார்பகம் கிடையாது, இரண்டுக்கும் நடுவிலுள்ள எலும்பின் கீழ்ப்பாதி. சேலையோ சுடிதாரோ கழற்றத் தேவையில்லை. பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம் “அக்கா, நீங்க அமுக்குங்க, நான் எண்ணுறேன்” என்று சொல்லிவிடலாம். அவர் தயங்கினால் நீங்களே செய்யுங்கள். அதற்கும் யோசித்து நிற்க நேரமில்லை சார்.

---

சும்மா_வந்தேன்:

இவ்வளவு எதற்கு? தனியாக இருக்கும்போது நெஞ்சு வலித்தால் தொடர்ந்து பலமாக இருமினால் போதும், இதயம் தானாக ஓடும் என்று எங்கள் குடும்பக் குழுவில் சித்தப்பா மாதம் ஒருமுறை அனுப்புகிறாரே. பத்து பேருக்கு அனுப்பினால் ஓர் உயிர் பிழைக்குமாம். 😄

---

ஐசியூ_அக்கா:

@சும்மா_வந்தேன் சித்தப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தச் செய்தியை நான் முதலில் பார்த்தது பட்டன் போன் காலத்தில். மானிட்டர் மாட்டியிருக்கும் நோயாளியை, துடிப்பு தாறுமாறாகும் அந்த நொடியில், டாக்டர் பக்கத்திலேயே நின்று இருமச் சொல்வது உண்டு. அதை யாரோ தூக்கிக்கொண்டு வந்து வீட்டு வைத்தியமாக்கிவிட்டார்கள். தனியாக நெஞ்சு வலித்தால் கதவைத் திறந்து வைத்துவிட்டு 108-க்கு அடித்துவிட்டு உட்காருங்கள். இதயம் நின்றுவிட்டால் நினைவே இருக்காது, எங்கே இருமுவது?

ஆனால் ஒன்று, யார் விழுந்தாலும் அன்று மாலைக்குள் சித்தப்பா அதை அனுப்பிவிடுகிறார் பாருங்கள். அவர் தம்ப்நெயிலுக்கு யோசிப்பதில்லை.

---

ஐசியூ_அக்கா (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

மொட்டை மாடி வீடியோவை எடுத்துவிடவில்லை, காக்கா இருக்கட்டும். புதிதாக ஒன்று எடுத்தோம், ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. பழைய வீடியோவில் வணக்கம், நான் யார், இதயம் என்றால் என்ன என்று நான் பேசி முடிக்கவே அவ்வளவு நேரம் ஆனது. இதில் முதல் காட்சியே நான் தரையில் கிடந்து கர்ர் என்று இழுப்பதுதான். பழைய_108 அண்ணாவிடம் போனில் போட்டுக் காட்டி மூன்று தடவை திருத்தினேன். “இன்னும் இடைவெளி விடுங்க சிஸ்டர், நீங்க நிஜமாவே தூங்குற மாதிரி இருக்கு” என்றார். மகள் சிரித்துச் சிரித்து இரண்டு டேக் வீணாகிவிட்டது. எட்டாவது வினாடியில் “இது தூக்கம் இல்லை” என்று சொல்கிறாள், பத்தாவது வினாடியில் கை நெஞ்சுக்கு வந்துவிடுகிறது. ஐந்து சென்டிமீட்டர் ஆழம், ஆறைத் தாண்ட வேண்டாம். நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். கற்காதவர் வாயில் ஊத வேண்டாம், அமுக்கினால் போதும். நீரில் மூழ்கியவர், சின்னக் குழந்தை என்றால் ஊதுவதும் முக்கியம், அதற்குத் தனி வீடியோ வரும்.

பெயர், படம் விஷயத்தில் எனக்கும் மகளுக்கும் ஒரு ஒப்பந்தம். இறந்தவர் படம் கிடையாது, பெயரும் தலைப்பில் கிடையாது. பிழைத்தவராக இருந்தால், எது பிழைக்க வைத்தது என்று டாக்டர்கள் வெளியே சொன்ன பிறகு, அந்த வரியை மட்டும் போடலாம். “அன்னைக்கே போட்டா…” என்று இழுத்தாள். வரைபடப்_பித்தன் தம்பியும் அவள் கட்சிதான், தெரியும். வீடியோ ஏற்கெனவே அங்கே இருக்கிறது, கூட்டம் வந்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறு வகுப்புக்கு ஏழு பேர். செய்தியில் யாரும் விழாத வாரம், அதற்கு ஏழு அதிகம்தான். தேனி வாத்தியார் சார் பஸ் ஏறி வந்திருந்தார், நம்ப மாட்டீர்கள். ஓர் ஆட்டோக்காரர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் நாற்பது அழுத்தலில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டார்கள். சரியான ஆழத்துக்குப் போனால் ஆறுமுகத்தின் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். நான் எண்ண எண்ண டக், டக், டக் என்று இரண்டு நிமிடம் விடாமல் வந்தது. முடித்துவிட்டு, “நெஞ்சு என்னம்மா பெரிய நெஞ்சு, முட்டிதான் போவுது. அடுத்த தடவை வீட்டுல இருந்து பாய் எடுத்துட்டு வரலாமா?” என்று கேட்டார்கள்.

இரண்டு பாய் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.